விட்டுப்போன பெயர்

அத்தியாயம் 14

கல்யாணத்துக்கு மறுநாள் காலை கிச்சடி சாப்பிட உட்கார்ந்தவர்களின் வரிசையை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

முற்றத்தின் நடுவில், மூங்கில் பந்தலின் கீழ், மஞ்சள் வேட்டி கசங்கிப்போன மாப்பிள்ளை அவதேஷ். அவனுக்கு வலப்பக்கம் அவன் தம்பியும் அக்கா புருஷனும். எதிரே தனிப் பலகையில் சம்பந்தி பரமாத்மா பாபு, கோரக்பூரில் தலைமை குமாஸ்தா. வடக்குச் சுவரோரம் கையில் பனையோலை விசிறியோடு பெண்ணைப் பெற்ற தனேசர். அவரை ஒட்டி அவருடைய தம்பி ராம்லோசன். ராம்லோசனுக்குப் பக்கத்தில் அவர் மகன் சிவ்பச்சன்.

பெண்கள் தெற்குத் தாழ்வாரத்தில், மூங்கில் தட்டிக்குப் பின்னால். முன்னால் தனேசரின் தங்கை சுமிர்த்தி அத்தை. சுற்றுப்பட்டு ஊர்களில் அவளை மிஞ்சிய பாட்டுக்காரி இல்லை. அவளுக்கு இடப்பக்கம் ராம்லோசனின் மனைவி தித்ரி. அவர்களுக்குப் பின்னால் தெருப் பெண்கள். எல்லோருக்கும் கடைசியில், சமையலறை வாசற்படியில், கூப்பிட்டால் உடனே எழுந்து போக வசதியாக, வீட்டு மருமகள் லால்முனி.

மணப்பெண் பிந்தா உள்ளறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

உட்கார்ந்திருக்க வேண்டிய இன்னொருவன் அங்கே இல்லை. தனேசருக்கும் ராம்லோசனுக்கும் அடுத்த இடம் அவனுடையது. தனேசரின் ஒரே மகன், பிந்தாவின் அண்ணன், லால்முனியின் கணவன் ஹர்கிஷுன். சூரத்தில் தறி ஓட்டுகிறான். தங்கையின் கையில் பொரி போடக் கட்டாயம் வருவேன் என்று எழுதியிருந்தவன் வரவில்லை. முந்தைய இரவு அவன் இடத்தில் நின்று பொரி போட்டவன் சிவ்பச்சன்.

"லீவு கிடைக்கலையாம்." தனேசர் அவ்வளவுதான் சொன்னார். அதையும் பிந்தாவிடம்தான் சொன்னார்.

மாமனார் முகம் பார்த்து மருமகள் பேசுவது அந்த வீட்டு வழக்கமில்லை. மாமியார் கண்மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. லால்முனி வாழ வந்தபோது பிந்தாவுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து, அடுப்படியிலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து அடுப்படிக்கும் பேச்சைச் சுமந்தவள் பிந்தாதான். "அண்ணி சொல்றாங்க, உப்பு தீர்ந்துபோச்சாம்." "அப்பா சொல்றாரு, எருமைக்குக் காய்ச்சலாம்." கோபமாக வந்த சொல்லைப் பாதி வழியில் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கவும் அவளுக்குத் தெரியும்.

இன்று அவளும் கிளம்புகிறாள்.

மாப்பிள்ளை முன்னால் கிச்சடித் தட்டு வைக்கப்பட்டது. நடுவில் குழி பறித்து நெய் ஊற்றியிருந்தது. அவதேஷ் கையை மடியில் வைத்துக்கொண்டு பந்தல் கம்பைப் பார்த்தான். கேட்டது கிடைக்கும்வரை மாப்பிள்ளை தட்டைத் தொடக்கூடாது. ராம்லோசன் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தார். மாப்பிள்ளை கம்பையே பார்த்தான். சைக்கிள் உருட்டிக்கொண்டு வரப்பட்டது. அவன் மணியை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தான்.

"எடுங்களேன்டி பாட்டை!" தித்ரி தொடையில் தட்டினாள். "டவுன் மாப்பிள்ளைக்கு நம்ம ஏசல் காதுல விழுந்தாத்தான் கை வாய்க்குப் போவும்."

பரமாத்மா பாபு தொண்டையைச் செருமினார். அவர் இந்தியில்தான் பேசுவார். பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பிரித்து வைத்தது போல இருக்கும்.

"பாட்டு அவசியமில்லை என்று முன்னமே தெரிவித்திருந்தேன். ஏதாவது பக்திப் பாடலாக இருந்தால் ஆட்சேபணை இல்லை."

தனேசர் வேகமாகத் தலையாட்டினார். "ஆமா, ஆமா. வேண்டாம்னுதான் நானும் சொன்னேன். சுமிர்த்தி, விடும்மா."

சில நாளாகவே இந்த வழக்குதான் வீட்டில் ஓடியது. சம்பந்தி டவுன்காரர், இந்தி பேசுகிறவர், நம்முடைய போஜ்புரி ஏசலை அவர் காதில் போட்டால் கேவலமாக நினைப்பார் என்று கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தனேசர் திடீரென்று சொல்ல ஆரம்பித்தார். அதுவரை அவருக்கே அந்த நினைப்பு கிடையாது. அவருடைய கல்யாணத்தில் அவரை ஏசிய பாட்டை இன்னும் வரி தவறாமல் சொல்லுவார்.

லால்முனி விடவில்லை. பிந்தாவைக் கூப்பிட்டு, வாசலுக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள்: "உங்க அப்பாகிட்ட சொல்லு. கருமாதி வீட்லதான் பாட்டு இருக்காது. நம்ம வாயால, நம்ம பேச்சுல ரெண்டு திட்டு திட்டாம பொண்ணை அனுப்பினா அதுக்குப் பேரு கல்யாணமா? இந்தியில பேரம் பேசலாம், மனு எழுதலாம். சம்பந்தியைத் திட்டணும்னா போஜ்புரிதான் வேணும்."

பிந்தா சிரித்துக்கொண்டே அதைச் சுமந்து போனாள். தனேசர் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து மாந்தோப்புப் பக்கம் போய்விட்டார். ஜெயித்துவிட்டதாக லால்முனி நினைத்துக்கொண்டாள்.

அதனால் இப்போதும் அவள்தான் வாசற்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "பாடுங்க அத்தை! சம்பந்திக்குக் காது கூசினா நெய்யை ஊத்தி அடைச்சுக்கட்டும்!"

தட்டிக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. சுமிர்த்தி அத்தை ஒரு தடவை திரும்பி லால்முனியைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஏன் அவ்வளவு நேரம் நின்றது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பிறகு அத்தை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

*கோரக்பூர் பாபுவின் குமரித் தங்கச்சி*
*கொல்லைக்குப் போனாளாம் கீரை பறிக்க,*
*கீரையை விட்டவள் கையைப் பிடித்தாளாம்,*
*யார் கையை, யார் கையை, சொல்லடி தோழி?*
*எங்க தனேசர் கையைத்தான், வேறு யார் கையை!*

பெண்கள் கடைசி வரியை வாங்கித் திருப்பி வீசினார்கள். பரமாத்மா பாபு தட்டைப் பார்த்தபடியே இருந்தார். ஆனால் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

ஏசலுக்கு ஒரு முறை உண்டு. பெண் வீட்டு ஆண்களை வயது வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்களோடு முடிச்சுப் போட வேண்டும். ஒருவரும் விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனவன் கோபித்துக்கொள்வான். ஊரில் இல்லாதவனுக்குத்தான் இன்னும் காரமான அடி கிடைக்கும்.

*பாபுவின் மச்சினி பல்லக்கில் வந்தாளாம்,*
*பாதி வழியிலே இறங்கிக்கொண்டாளாம்,*
*யார் தோளில், யார் தோளில், சொல்லடி தோழி?*
*எங்க ராம்லோசன் தோளில்தான், வேறு யார் தோளில்!*

ராம்லோசன் தோளைத் தட்டிக் காட்டினார். அவதேஷின் அக்கா புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாப்பிள்ளையே சிரித்து, கையைத் தட்டில் வைத்துவிட்டான். பரமாத்மா பாபுவின் இந்தி அங்கேதான் உடைந்தது.

"அடியே, எனக்கு மச்சினியே கிடையாதுடி! இட்டுக்கட்டுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று சுத்தமான போஜ்புரியில் கத்தினார். முற்றமே குலுங்கியது.

"இல்லாட்டி இன்னொரு கல்யாணம் கட்டிக்குங்க பாபு, மச்சினியும் சேர்ந்து வருவா!" என்றாள் தித்ரி.

அடுத்தது ஹர்கிஷுன். லால்முனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தயாரானாள். புருஷன் பெயர் வரும்போது பொண்டாட்டியைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். வருஷத்தில் பாதி நாள் அவன் முகம் பார்க்காதவளுக்கு, நாலு பேர் நடுவில் அவன் பெயரை வாய்விட்டுக் கேட்பதே ஒரு பண்டிகை. அவள் வாயால் அவன் பெயரைச் சொல்லவும் கூடாதே.

சுமிர்த்தி அத்தை மூச்சு இழுத்தாள்.

*மாப்பிள்ளை அக்கா மாங்காய் கடித்தாளாம்,*
*மடியிலே ஒன்றை ஒளித்துவைத்தாளாம்,*
*யாருக்கு, யாருக்கு, சொல்லடி தோழி?*

பாட்டு அங்கே ஒரு கணம் நின்றது. பெண்கள் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள்.

*எங்க சிவ்பச்சனுக்குத்தான், வேறு யாருக்கு!*

"ஏய் அத்தை!" பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள். "ஹர்கிஷுன் அண்ணன் பேரு விட்டுப்போச்சு! லால்முனி அண்ணி மூஞ்சி வாடிப்போச்சு பாருங்க!"

"தொண்டை கட்டிக்கிச்சுடி. தண்ணி குடுங்க."

தண்ணீர் வந்தது. அத்தை குடித்தாள். குடித்துவிட்டு மெட்டையே மாற்றி, மாப்பிள்ளையின் தம்பியைப் பற்றி வேறு பாட்டை எடுத்துவிட்டாள்.

"பேரு விட்டுப்போச்சுன்னு சொல்றேன்ல! அவரு சூரத்துலேருந்து சண்டைக்கு வந்துடுவாரு!"

சுமிர்த்தி அத்தை திரும்பவில்லை. குரலை மட்டும் உயர்த்தினாள். உயர்ந்த இடத்தில் குரல் பிசிறு தட்டியது. அந்தத் தொண்டையில் பிசிறை லால்முனி அதற்கு முன் கேட்டதில்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அத்தைக்கு வயசாகிறது என்று நினைத்தாள். அப்புறம் வடக்குச் சுவரைப் பார்த்தாள். தனேசரின் விசிறி நின்றிருந்தது. எல்லோரும் பாடுகிறவளைப் பார்க்க, அவர் மட்டும் சமையலறை வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் மருமகளை நேருக்கு நேர் பார்ப்பது கிடையாது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

லால்முனியின் கையிலிருந்த நெய்க்கிண்ணம் சரிந்து சேலையில் கொட்டியது.

ஏசல் பாட்டில் விடக்கூடிய பெயர் ஒன்றே ஒன்றுதான். செத்தவன் பெயரைக் கேலிக்கு இழுக்க மாட்டார்கள். எந்தப் பெண்ணும் செய்ய மாட்டாள். தலையை வெட்டுவேன் என்றாலும் சுமிர்த்தி அத்தை செய்ய மாட்டாள். மற்ற எல்லாவற்றையும் அவள் மறைத்துவிட்டாள். சிரித்தாள், மஞ்சள் இடித்தாள், விருந்தாளிகளைக் கவனித்தாள். அந்த ஒரு பெயரைப் பாட்டில் எடுக்க மட்டும் நாக்கு வரவில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் மாந்தோப்பு ஓரமாக பிர்குநாத் வந்ததை லால்முனி பார்த்திருந்தாள். சூரத்தில் ஹர்கிஷுனோடு ஒரே அறையில் இருப்பவன். சொந்த ஊர் மூன்று மைல் தள்ளி. எப்போது வந்தாலும் "அண்ணி, சத்துமா உருண்டை இருக்கா?" என்று சமையலறைவரை வந்துவிடுகிறவன், அன்று மாமனாரோடு மரத்தடியில் நின்று பேசிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனான். அவசர வேலை போலிருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். எந்தச் செய்தி கொண்டுவருகிறவன் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டான் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம்தான் தனேசர் பாட்டு வேண்டாம் என்று சொன்னது.

அதற்கு அவள்தான் சொல்லி அனுப்பினாள், கருமாதி வீட்டில்தான் பாட்டு இருக்காது என்று.

சாப்பாடு முடிந்து ஆண்கள் கை கழுவப் போனதும், சுமிர்த்தி அத்தையைத் தானிய அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள் லால்முனி.

"ஏன் அத்தை விட்டீங்க?"

"எதைடி?"

"என் வாயால சொல்லக்கூடாத பேரை."

அத்தை கோதுமைக் குதிர்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். பொய் சொல்வாள் என்று லால்முனி காத்திருந்தாள். சொன்னால் நம்பிவிடலாம் என்றும் காத்திருந்தாள்.

"பிந்தா ஜீப் ஏறட்டும்டி." அத்தையின் குரல் காற்றுப்போல வந்தது. "அதுக்கப்புறம் என்னைக் கொன்னு போடு. தீட்டு வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சா பந்தல்லேயே விட்டுட்டுப் போயிடுவாங்க. மறுபடி எவன் வந்து கட்டுவான் அவளை? உன் மாமன் என் கால்ல விழுந்தாருடி. கூடப் பொறந்த அண்ணன், தங்கச்சி கால்ல விழுந்தாரு."

லால்முனி சுவரில் தலையைச் சாய்த்தாள். வெளியே யாரோ ஜீப்புக்குப் பூ கட்டுவது எப்படி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி?" என்றாள்.

"எனக்கு அது தெரியாது. என் பிள்ளை சத்தியமாத் தெரியாது. பிர்குநாத் உன் மாமன்கிட்ட மட்டும்தான் சொன்னான். நாலாம் நாள் சடங்கு முடிஞ்சதும் உன்கிட்ட சொல்லணும்னு இருந்தோம்."

"யாரு சொல்றதா இருந்தீங்க?"

அந்த வீட்டில் தனேசருக்கும் மருமகளுக்கும் நடுவில் வாய் ஒன்றுதான் இருந்தது. அது உள்ளறையில் அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தது.

"லால்முனி! எங்கடி போயிட்டே?" தித்ரியின் குரல். "மடி நிரப்ப நேரமாச்சு! அரிசி எங்க, மஞ்சள் எங்க?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெண் புறப்படும்போது அவள் முந்தானையை விரித்து, அரிசியும் மஞ்சளும் அறுகம்புல்லும் காசும் போட்டு மடி நிரப்பி அனுப்புவார்கள். சுமங்கலிகள்தான் போடுவார்கள். முதல் கை அம்மாவுடையது. பிந்தாவுக்கு அம்மா இல்லை. முதல் கை லால்முனியுடையது என்பது அவள் வாழ வந்த வருஷமே முடிவான விஷயம். சின்ன வயதில் பிந்தா பாவாடை நுனியை விரித்துக்கொண்டு வந்து நிற்பாள். "அண்ணி, மடி நிரப்பு. நான் புருஷன் வீட்டுக்குப் போறேன்." லால்முனி ஒரு பிடி பொரிகடலை போடுவாள். மாட்டுக்கொட்டில்வரை போய்த் தின்றுவிட்டுத் திரும்பி வருவாள்.

தனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் போட்டிருப்பாள். யாருக்கும் பாவமில்லை. ஆனால் தெரிந்துவிட்டது. தெரிந்த கையால் அந்த அரிசியை அள்ளி, தான் வளர்த்த பெண்ணின் மடியில் எப்படிப் போடுவாள்? தன் விதி அந்த அரிசியோடு ஒட்டிக்கொண்டு கோரக்பூர் போய்விட்டால்? போடமாட்டேன் என்றாலோ ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று தெரிந்தால் ஜீப் காலியாகத்தான் திரும்பும்.

நெற்றி வகிட்டில் நேற்று வைத்த குங்குமம் மூக்கின்மேல் உதிர்ந்து கிடந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். உள்ளறை வாசலில் நின்று, உள்ளே கால் வைக்காமல் சொன்னாள்.

"நான் தொடக்கூடாது. தூரமாயிட்டேன்."

தித்ரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இன்னைக்கா? இப்பவா? உன் உடம்புக்கு வேற நாளே கிடைக்கலியா? முகூர்த்தம் வெச்ச அய்யருகிட்ட இதையும் கேட்டிருக்கணும்டி!"

பெண்கள் சிரித்தார்கள். பிந்தா சிரிக்கவில்லை. நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். ஒரே வீடு, ஒரே பாய். அண்ணியின் நாள் கணக்கு அவளுக்குத் தெரியும். போன அமாவாசைக்குத்தான் லால்முனி தனியாக உட்கார்ந்திருந்தாள். அடுத்ததற்கு இன்னும் நாள் கிடக்கிறது.

"பொய்தானே அண்ணி?" என்றாள் மெல்ல.

"அலைச்சல்டி. முன்னாடியே வந்துடுச்சு."

"அண்ணன் வரலைங்கிற கோபத்தை எங்கிட்ட காட்டுறீங்க. அப்படித்தானே?"

லால்முனி வாயைத் திறந்தாள். எந்தச் சொல்லைச் சொன்னாலும் அடுத்த சொல்லும் கூடவே வந்துவிடும் என்று தெரிந்தது. மூடிக்கொண்டாள்.

"நீங்க போடலேன்னா நான் ஏற மாட்டேன்."

"ஏறுவே." சுமிர்த்தி அத்தை நடுவில் வந்தாள். "நான் போடுறேன். என் கை சின்னக் கையா? விரி முந்தானையை."

அத்தை போட்டாள். தித்ரி போட்டாள். தெருப் பெண்கள் போட்டார்கள். அரிசி விழும் ஒவ்வொரு தடவையும் பிந்தா வாசலில் நிற்கிறவளையே பார்த்தாள். முந்தானை கனத்துத் தொங்கியது.

பெண்கள் அவளை வெளியே அழைத்துவந்தார்கள். அழுகை தொடங்கியது. அந்தப் பக்கத்தில் பெண் சும்மா அழ மாட்டாள். ஒவ்வொருவர் கழுத்தையும் கட்டிக்கொண்டு, அவரோடு தனக்குள்ள கணக்கையெல்லாம் ராகத்தில் சொல்லி அழுவாள். அதைச் சொல்ல அம்மா பேசின பேச்சு ஒன்றுதான் உதவும். பள்ளிக்கூடத்தில் படித்த எதுவும் அந்த நேரத்தில் நாக்கில் வராது.

அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "*இனி உன் எருமையை யாரு பேர் சொல்லிக் கூப்பிடுவா அப்பா, உன் சொல்லை உள்ளே யாரு கொண்டுபோவா...*" தனேசர் மரம்போல நின்றார்.

கடைசியாக லால்முனியிடம் வந்தாள். தொடக்கூடாதவளாயிற்றே. இரண்டடி தள்ளி நின்று, வெறும் காற்றைக் கட்டிக்கொள்வதுபோல் கைகளை நீட்டி அழுதாள்.

"*அம்மா முகம் தெரியாதவளுக்கு அம்மாவா வந்தியே அண்ணி,*
*பொரியும் கடலையும் போட்டு மடி நிறைச்சியே அண்ணி,*
*போற நாளிலே வெறுங்கையா நின்னியே அண்ணி,*
*எந்தக் குத்தத்துக்கு என்னை ஒதுக்கினே அண்ணி...*"

அப்போதுதான் லால்முனியிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது. தலையிலிருந்து முந்தானை நழுவியது. அவள் மண்ணில் உட்கார்ந்து தரையை அறைந்து அழுதாள். "*என்னை விட்டுட்டுப் போனியே, ஒரு வார்த்தை சொல்லாமப் போனியே, தூர தேசத்துலே தனியா நின்னியே...*"

"பாருங்கடி, பெத்தவகூட இப்படி அழமாட்டா," என்று தெருப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "கோரக்பூர் என்ன தூர தேசமா? ஒரு ராத்திரிப் பயணம். அழாதேடி."

பரமாத்மா பாபு பக்கத்தில் வந்தார். இந்தியை ஜீப்பிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"அழாதே மகளே. உன் பொண்ணை என் வீட்டுல யாரும் இந்தியில அதட்ட மாட்டாங்க. எங்க வீட்டு அடுப்படியிலயும் இதே பேச்சுதான். வெளியிலதான் கோட்டு போட்டுக்குவோம்."

ஜீப் கிளம்பிப் புழுதி அடங்கும்வரை லால்முனி எழுந்திருக்கவில்லை. அழுவதற்கு அன்று அவளுக்கு அனுமதி இருந்தது. அந்த அனுமதி தீர்வதற்குள் முடிந்தமட்டும் அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு நாலாம் நாள்வரை அவள் சிரித்த முகத்தோடு இருந்தாக வேண்டும். சிவ்பச்சன் பலகாரக் கூடையோடு போய்ச் சடங்கை முடித்து, பெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பும்வரை இந்த வீடு கல்யாண வீடுதான்.

மத்தியானத்துக்குமேல் தபால்காரர் வந்தார். கல்யாணப் பூந்தி கேட்டுத்தான் வந்தார். தனேசர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, இலையை மடியில் வைத்துக்கொண்டு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்ன மருமகளே, வீட்டுக்காரனுக்கு எழுதலையா? தங்கச்சி கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு அவன் காத்துக்கிட்டு இருப்பானே! எழுதிக் குடு, இப்பவே பையில போட்டுக்கிறேன். பூந்தியை மட்டும் தபால்ல அனுப்ப முடியாது, அதை அவன் சார்பா நானே தின்னுடுறேன்."

தனேசரின் கையில் பூந்தி அப்படியே நின்றது.

உள்ளே லால்முனி அரிசிப் பானைக்கு மேலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தாள். வாங்கிவைத்த கவர் ஒன்று இருந்தது. ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். ஹர்கிஷுனுக்கு எழுதுவதெல்லாம் இந்தியில்தான், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக்கொடுத்த மாதிரி. இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் தங்கள் நலம் அறிய ஆவல். அந்த வரிக்குப் பின்னால் அவளுக்குச் சொல்ல வேண்டியது எதுவும் இந்தியில் வராது. அதனால் கடிதங்கள் எப்போதும் சின்னதாகவே இருந்தன. "உன் கடுதாசி தாலுகா ஆபீஸ்லேருந்து வந்த மாதிரி இருக்கு. வாயில பேசுற மாதிரி எழுதேன்டி," என்று ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் அவன் கேலி செய்வான். "அப்படியெல்லாம் யாராவது எழுதுவாங்களா?" என்று இவள் வெட்கப்படுவாள்.

இன்று வாயில் பேசுகிற மாதிரி எழுதினாள்.

*பிர்குநாத் தம்பிக்கு லால்முனி எழுதுறது. நீ அன்னைக்கு மாந்தோப்போட திரும்பிப் போனே. தண்ணிகூடக் குடிக்கல. ஏன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. வீட்டுல யாரும் என்கிட்ட சொல்லல. சொல்ல இங்க வாயும் இல்ல. நாலாம் நாள் சடங்கு முடியட்டும். அதுக்கு மறுநாள் நீ வா. ஓரமா வராதே, வாசல் வழியா வா. அவரு கடைசியா பேசினாரா? பேசினது நம்ம பேச்சுதானே? அந்த ஊர்ல அது புரியுற ஆளு பக்கத்துல இருந்துச்சா, இல்ல அவரு சொன்னது எவனுக்கும் புரியாமலே போச்சா? வேற எதுவும் எனக்கு வேண்டாம். அவரு என்ன சொன்னாருன்னு வந்து சொல்லு, அவரு சொன்ன மாதிரியே சொல்லு.*

மடித்துக் கவருக்குள் வைத்தாள். மேலே பெயரையும் ஊரையும் எழுதினாள். பசை இல்லை. கிச்சடிப் பானையில் ஒட்டியிருந்த சோற்றைக் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டாள்.

இதுவரையில் இப்படி ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் "பிந்தா!" என்று கூப்பிடுவாள். வாய்வரை வந்த பெயரை விழுங்கிவிட்டு, முந்தானையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, தானே வாசற்படிக்கு வந்தாள். குனிந்து, கவரைப் பெயர் மேலே தெரியும்படி மாமனாரின் காலடியில் வைத்தாள். பக்கத்தில் சோற்றுக் கிண்ணத்தை வைத்தாள்.

தனேசர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். ஒவ்வொரு எழுத்தாக உதடு அசைந்தது. மகன் பெயர் வரும் என்று தொடங்கிய உதடு வேறு பெயரில் போய் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தார்.

கவரின் வாய் திறந்தே இருந்தது. உள்ளே இருந்ததை அவர் எடுத்துப் பார்த்திருக்கலாம். எடுக்கவில்லை.

முக்காட்டுக்குள்ளிருந்து, அந்த வீட்டுக்கு வந்து முதல்முறையாக, நடுவில் யாரும் இல்லாமல், லால்முனி அவரிடம் பேசினாள்.

"சோறு காய்ஞ்சுடும் மாமா."

தனேசர் கிண்ணத்தில் விரலை விட்டார். சோற்றுப் பருக்கைகளைக் கவர் விளிம்பில் ஒவ்வொன்றாக வைத்து நசுக்கினார். ஒரு பருக்கை நசுங்காமல் புடைத்துக்கொண்டு நின்றது. அதன்மேல் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார்.

"என்னய்யா, கவருக்குக் கை கால் பிடிச்சு விடுறீங்களா?" தபால்காரர் சிரித்துக்கொண்டே கவரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அட, இது பிர்குநாத்துக்கு! பக்கத்து ஊரு. ஹர்கிஷுனுக்கு இல்லையா?"

"அவன்கிட்டப் போனாப் போதும்," என்றார் தனேசர். "மருமக சொல்ல வேண்டியது போய்ச் சேர்ந்துடும். நீ கொண்டு போ."

தபால்காரர் இலையைக் கசக்கி எறிந்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார். கவரைப் பைக்குள் போட்டுப் பட்டையை இறுக்கினார். சைக்கிளை மாந்தோப்பு வழியாகத் திருப்பினார்.